வெயில் மறைத்துவைக்கும் பலவீனம்

நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டி மலேசியாவில் சில நாள்களுக்குச் சரக்கு லோரிகள் சாலையில் ஓடக்கூடாது. ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு வழிவிட அரசாங்கம் போடும் தடை அது. சில வகை வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தடை முடிந்த முதல் விடியற்காலையில் ஜொகூரின் ஸ்கூடாய் வட்டாரத்தில் லோரிகள் நிற்கும் இடங்களில் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, பேட்டரி கோங், செத்துப்போச்சு. கேபிள் எடுத்துக்கிட்டு வாங்க." ஃபோர்மேன் கேட்பார்: "லீவுக்கு முந்தி எப்படிப்பா இருந்துச்சு?" "ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சு அண்ணே."

ஓட்டுநர் சொல்வது உண்மை. அந்த பேட்டரி பெருநாளுக்கு முந்தைய நாள்வரை வண்டியை ஒரே தட்டில் கிளப்பியிருக்கும். அதே சமயம், அது பல மாதங்களாகவே செத்துக்கொண்டும் இருந்திருக்கும். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதில்தான் வெப்ப நாட்டு பேட்டரி பராமரிப்பின் சூட்சுமம் முழுக்க அடங்கியிருக்கிறது.

ஸ்கூடாய் லோரிகளின் ஊர் என்றே சொல்லலாம். வடக்கிலிருந்து இறங்கிவரும் கூட்டரசு முதலாவது சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஜொகூர் பாருவுக்குள் நுழைந்து, சிங்கப்பூருக்குப் போகும், 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தில் போய் முடிகிறது. மேற்கே திரும்பினால் 1998-இல் திறந்த இரண்டாவது பாலம், அதன் மறுமுனையில் சிங்கப்பூரின் துவாஸ். அதே திசையில் 1999-இல் இயங்கத் தொடங்கிய தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம். கிழக்கே பாசிர் கூடாங் துறைமுகம். ஒரு கொள்கலன் இவற்றில் எதற்குப் போனாலும் அதை இழுக்கும் லோரி இந்த வட்டாரத்தில் எங்காவது ஒரு வரிசையில் நிற்கத்தான் வேண்டும். பகலில் 31, 32 பாகை செல்சியஸ் வெப்பம், இரவிலும் அதிகம் தணியாத புழுக்கம். சேஸியின் பக்கவாட்டில், கொதிக்கும் தார்ச்சாலைக்கு மேலே தொங்கும் பேட்டரிப் பெட்டிக்குள் இதைவிட அதிகம்; வெயிலில் ஓடிவந்த லோரியில் அது 45 பாகையை எளிதில் தாண்டிவிடும்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தொழில்நுட்பம் மிகப் பழையது. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தைச் செய்தார். எதிர்முனையில் பஞ்சுபோன்ற ஈயம், நேர்முனையில் ஈய டை ஆக்சைடு, நடுவே அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஓர் அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு அறை சேர்ந்து ஒரு பேட்டரி, இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் லோரியின் 24 வோல்ட்.

இத்தனை காலம் உலகம் முழுவதும் பயன்பட்ட பொருளில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தால், 2011-இல் ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு வியக்கவைக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ராஜீவ் அகுஜா, பின்லாந்தின் பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஐவர் செய்த கணக்கு அது. ஈயம் கனமான அணு; அதன் கருவில் 82 புரோட்டான்கள். அவற்றின் இழுப்பில் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 60 விழுக்காட்டை எட்டுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளை ஒதுக்கவே முடியாது. அவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 2.1 வோல்ட்டில் 1.7, 1.8 வோல்ட் காணாமல் போய்விடும் என்று அவர்கள் காட்டினார்கள். சார்பியல் இல்லையென்றால் ஸ்கூடாயில் ஒரு லோரியும் ஸ்டார்ட் ஆகாது. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நாம் தூக்கிவைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை இனிமேல் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

இப்போது வெயிலுக்கு வருவோம். வேதிவினைகள் பலவும் வெப்பநிலை 10 பாகை ஏறும்போது ஏறக்குறைய இருமடங்கு வேகம் கொள்கின்றன. மின்சாரம் தரும் வினைக்கு அது நல்லது. ஆனால் பேட்டரியைத் தின்னும் வினைகளுக்கும் அதே சலுகை கிடைக்கிறது. நேர்த்தகட்டின் உள்ளே சட்டமாக நிற்கும் ஈயக் கம்பிவலை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். சூடு அந்த அரிப்பை விரைவுபடுத்தும். தண்ணீர் ஆவியாகியும், மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்தும் குறையும். சும்மா நிற்கும்போது தானாகவே மின்சாரம் இழக்கும் வேகமும் கூடும். குளிர்நாட்டில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் ரகம் இங்கே அதில் பாதியிலேயே களைத்துவிடுகிறது என்றால் அதற்குத் தயாரிப்பாளர் மட்டுமே காரணமில்லை.

குளிர்நாட்டு ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 பாகைக்குப் போனால் நல்ல பேட்டரியே தன் ஆற்றலில் பாதியளவுதான் தரும்; என்ஜின் எண்ணெய் வேறு கெட்டியாகிச் சுழற்ற மறுக்கும். பலவீனமான பேட்டரி முதல் பனிக்காலத்திலேயே பிடிபட்டுவிடும். ஜொகூரில் அந்தத் தேர்வு என்றைக்குமே நடப்பதில்லை. எண்ணெய் எப்போதும் இளகியிருக்கும், என்ஜினுக்குள் போகும் காற்று சூடாகவே இருக்கும், பேட்டரிக்குள் வினை சுறுசுறுப்பாக நடக்கும். கொள்ளளவில் பாதியை இழந்த பேட்டரிகூட டீசல் என்ஜினைச் சுழற்றிவிடும். ஆயுளைக் குறைக்கும் வெப்பமே அந்தக் குறைவை மூடி மறைக்கவும் செய்கிறது. பேட்டரி வாங்கும்போது பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் குளிர்நிலை ஸ்டார்ட் ஆம்பியரைப் பார்த்து மயங்குவதும் இதனால்தான் வீண். அந்த எண் உறைபனியில் அளந்தது. இங்கே நமக்கு வேண்டியது வெப்பத்தைத் தாங்கும் தடித்த தகடும் கொள்ளளவும்.

பெருநாள் விடுமுறைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிற்கும் லோரியில் ஜிபிஎஸ் கருவி, அலாரம், என்ஜின் கணினி, ரேடியோவின் நினைவு என்று எல்லாம் சேர்ந்து 0.2 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் மணி. ஏழு நாளில் கிட்டத்தட்ட 34. புதிய என்120 பேட்டரியின் 120 ஆம்பியர் மணியில் அது கால்பங்கைச் சற்றே தாண்டும், வண்டி கிளம்பிவிடும். அரிப்பில் பாதியாகிப்போன பேட்டரிக்கோ உண்மையில் இருப்பது 60 தான். அதில் 34 போனால் பாதிக்குமேல் காலி. கூடவே தானாக இழந்தது வேறு. தினமும் ஓடியவரை ஆல்டர்னேட்டர் ஈடுகட்டிக்கொண்டிருந்த குறை, ஏழு நாள் நின்றதும் வெளியே வந்துவிடுகிறது. அதோடு, மின்சாரம் இறங்கிய நிலையில் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேட்டின் நுண்படிகங்கள் பெரிதாகி இறுகிப்போகும்; பிறகு மின்னேற்றினாலும் அவற்றில் ஒரு பகுதி கரைவதில்லை. ஆகவே நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரிச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது மிகப் பெரிய சேமிப்பு. சுவிட்ச் இல்லாத வண்டியில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவைத்தாலும் போதும். கண்காணிப்புக் கருவியை நிறுத்தக்கூடாது என்று கம்பெனி சொன்னால், விடுமுறையின் நடுவே ஒருமுறை சார்ஜர் போட ஆள் வைக்க வேண்டும்.

சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட்டை மட்டும் அளந்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது பட்டறைகளில் பரவலான பழக்கம். அது அரைகுறைச் சோதனை. பாதி மண் படிந்த குடத்திலும் தண்ணீர் விளிம்புவரை நிற்கும். எடுத்து ஊற்றினால்தான் எவ்வளவு இருந்தது என்று தெரியும். அதுபோல் தகட்டுப் பொருள் உதிர்ந்துபோன பேட்டரியும் 12.6 வோல்ட் காட்டும். உண்மையை அறிய ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில விநாடிகளில் அளக்க வேண்டும். மொத்தம் 24 வோல்ட் அமைப்பில் அப்போது மீட்டர் 19.2-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகவும் பார்க்க வேண்டும், ஒன்று 10.5, மற்றது 8.9 என்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. அதற்குப் போகும்முன் இந்த எண்ணை அளந்து, தேதியோடு வண்டியின் பதிவேட்டில் எழுதிவைக்கும் கம்பெனிகள் நடுவழியில் நிற்பது குறையும். ஒரு தடவை 21.4, அடுத்த தடவை 20.8, அதற்கடுத்து 19.9 என்று இறங்கிக்கொண்டே வருவது, ஜொகூருக்கு வராத அந்தக் குளிர்காலம் சொல்லியிருக்கவேண்டிய செய்தி.

திறந்து பார்க்கக்கூடிய பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகப் பேசும். ஓர் அறையின் அமிலம் மற்றவற்றைவிட 0.050 குறைவான அடர்த்தி காட்டினால் அந்த அறை முடிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெப்ப நாடுகளுக்கென நிரப்பும் பேட்டரிகளில் அரிப்பைக் குறைக்க அமிலத்தை நீர்க்கவே வைப்பார்கள். முழுதாக மின்னேறியபோதும் அடர்த்தி 1.240, 1.250 தான் இருக்கும். குளிர்நாட்டுக் கையேட்டில் 1.280 என்று படித்துவிட்டு, குறைகிறதே என்று அமிலம் ஊற்றுபவர்கள் பேட்டரிக்கு நஞ்சு வைக்கிறார்கள். குறைவது தண்ணீர்தான். காய்ச்சி வடித்த நீரை, அதுவும் மின்னேற்றிய பிறகு, தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள இரும்பும் குளோரைடும் தகடுகளுக்கு ஆகாது.

அரிப்பும் மின்கலமும் தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமில்லை என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த இரண்டையும் ஆராய்ந்துவருகிறது. ஸ்கூடாயிலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெப்ப நாட்டின் கேள்விகளை வெப்ப நாட்டிலேயே கேட்க இடமிருக்கும்போது, பராமரிப்பு அறிவுரையை மட்டும் பனிநாட்டுக் கையேடுகளிலிருந்து எடுத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

கோங் என்று கழற்றி எறியும் பேட்டரிகளில் கொஞ்சம் குற்றமற்றவையும் இருக்கும். குற்றம் பெரும்பாலும் அவற்றின் தலையில் இருக்கும் இணைப்பில். பெட்டி மூடியைத் திறந்து பாருங்கள்: ஈயக் கம்பத்தைக் கவ்வும் கிளாம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையும் நீலமுமாகத் தூள் பூத்திருக்கும். அமில ஆவியும் செம்பும் ஈயமும் சேர்ந்து செய்த வேலை. மீட்டரின் சிவப்பு ஊசியை ஈயக் கம்பத்தின் நடு உச்சியிலும், கறுப்பு ஊசியைக் கேபிள் நுனியிலும் வைத்துக்கொண்டு ஓட்டுநரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இடைவெளி ஒரு விரற்கடைகூட இல்லை; மீட்டர் சுழி காட்ட வேண்டும், அல்லது அதற்குப் பக்கத்தில். தூள் பூத்த கிளாம்பில் அது 2 வோல்ட்டுக்குமேல் காட்டும்.

ஏன் அவ்வளவு? பெரிய டீசல் என்ஜினைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் 500 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். கிளாம்பில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தால் போதும்: 2.5 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது, 1,250 வாட் அந்த விரற்கடை இடத்தில் வெப்பமாக மாறுகிறது. 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இரண்டு மீட்டர் நீளத்துக்கும் சேர்த்துத் தரும் தடை இதில் பத்தில் ஒரு பங்குதான். லோரியில் 24 வோல்ட் வைத்ததே ஆம்பியரைப் பாதியாக்கி, கேபிளில் வெப்பமாக வீணாவதைக் கால்பங்காக்கத்தான். அந்த ஆதாயத்தை அழுக்குப் படிந்த ஒரு கிளாம்ப் தின்றுவிடுகிறது. சமையல் சோடாக் கரைசலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்த்தி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுவது அரைமணி வேலை. என்ஜினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

இன்னொரு கொலை நடப்பது ஓட்டுநரின் சின்ன வசதிக்காக. மின்விசிறி, பழைய ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட். லோரியில் 24. எர்த் பக்கம் இருக்கும் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்தக் கீழ் பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும். ஆல்டர்னேட்டருக்கோ இரண்டும் சேர்ந்த 28 வோல்ட்தான் தெரியும். இரண்டு பேட்டரிக்குள்ளும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்ப முடியும். கீழ் பேட்டரி 13 வோல்ட்டிலேயே பட்டினி கிடக்க, ஏற்கெனவே நிறைந்த மேல் பேட்டரி 15 வோல்ட்டைத் தாங்கிக் கொதிக்கும். ஒன்றில் சல்பேட் இறுகுகிறது, மற்றதில் தண்ணீர் வற்றுகிறது. இரண்டும் நேரெதிர் காரணத்தால் சாகின்றன. வண்டி ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்து, அரை வோல்ட் வித்தியாசம் தெரிந்தால் உள்ளே இப்படியொரு வயர் போகிறதா என்று தேடுங்கள். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரின் விலை ஒரு பேட்டரியின் விலையைவிட மிகக் குறைவு. மாற்றும்போதும் இரண்டையும் ஒன்றாக, ஒரே ரகமாக மாற்றுவதே முறை. புதியதும் பழையதுமாகக் கலந்தால் இதே கதைதான் திரும்ப நடக்கும்.

ஆல்டர்னேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஓர் எண்ணைத் தவிர. 25 பாகையில் 28.4 வோல்ட் சரியான மின்னேற்ற அழுத்தம் என்றால், பெட்டிக்குள் 45 பாகை இருக்கும்போது அது ஏறக்குறைய ஒரு வோல்ட் குறைந்து 27.4 ஆக வேண்டும். நண்பகலில் ஓடிவந்த லோரியில் 29 காட்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை அவித்துக்கொண்டிருக்கிறது. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பேட்டரிப் பெட்டிப் பக்கம் சிகரெட்டோடு போகக்கூடாது என்பதும், மோதிரத்தையும் இரும்புக் கடிகாரத்தையும் கழற்றிவைக்க வேண்டும் என்பதும், கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பதும் உயிர் காக்கும் வழக்கங்கள். நெகட்டிவைக் கழற்றாமல் பாசிட்டிவ் நட்டில் ஸ்பேனர் வைத்து, அது சேஸியில் பட்டுவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்குமேல் பாயும். ஸ்பேனர் பழுத்துச் சிவந்து ஒட்டிக்கொள்ளும்.

கழித்த பேட்டரி மலேசியச் சட்டத்தில் பட்டியலிட்ட ஆபத்துக் கழிவு. 2005-ஆம் ஆண்டு விதிகளில் அதற்கெனத் தனி எண்ணே உண்டு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, பள்ளிகளையே மூடவேண்டிவந்ததை அறிந்த ஜொகூர்க்காரர் எவரும், பட்டறைக் கால்வாயில் பேட்டரி அமிலத்தை ஊற்ற மனம் வைக்கமாட்டார். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உரிமம் பெற்றவரிடமே பழைய பேட்டரியைக் கொடுக்க வேண்டும். அதிலுள்ள ஈயம் ஏறக்குறைய முழுவதுமே மறுபடி புதிய பேட்டரிக்குப் போகக்கூடியது.

கெட்டுப்போன இணைப்பு வோல்ட்டைத் தின்னும் இடங்களில் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது டிரெய்லரின் பின்விளக்கு. விடியுமுன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிள்கள் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் அலை அலையாக வரும். மழையிருட்டில் அவர்களுக்குமுன் நிற்கும் கொள்கலன் லோரி இருப்பதைச் சொல்ல அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் இருக்கிறது. இழை பல்பின் ஒளி, வோல்ட் குறையும் அளவைவிட மிக வேகமாக விழும்: வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு போகும், 20 குறைந்தால் பாதிக்குமேல் போய்விடும். விளக்கு எரிகிறது என்று ஓட்டுநர் பார்த்துவிட்டுப் போவார். எவ்வளவு எரிகிறது என்று பார்ப்பதில்லை. சிக்னல் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து மினுக்கினாலோ, பிரேக் மிதித்தால் வேறொரு விளக்கு மங்கினாலோ, பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த் இணைப்பு துருப்பிடித்து, மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல் பக்கத்து விளக்கின் இழை வழியாகப் போகிறது என்று அர்த்தம். லோரிக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள ஏழுமுனைச் சாக்கெட்டைத் திறந்தால் மழைநீர் பச்சையாக உறைந்திருக்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 28 வோல்ட், பின்விளக்கில் 23 என்றால், அந்தச் சாக்கெட்டின் எர்த் முனையையும் விளக்கின் பின்னால் சேஸியில் முடுக்கிய கறுப்பு வயரையும் பளபளவென்று வரும்வரை சுரண்டி, புதிய லக் போட்டு இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். 27-ஐத் தாண்டும்வரை லோரியைச் சாலைக்கு அனுப்பக்கூடாது.